ஒன்றுமில்லாத வீடு கட்டுவது எப்படி?

முதலில் மனை. வீட்டுக்குள் ஒன்றும் வைக்காமல் விட வேண்டுமென்றால், அப்படி விட்டுவைக்க இடம் வேண்டும். சிங்கப்பூரில் விற்கும் சரக்குகளிலேயே விலை கூடியது அந்தக் காலி இடம்தான். மூவறை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் ஆறு பேர் குடியிருந்துகொண்டு, கூடத்தில் சோபா இல்லாததைக் காட்டி "நாங்கள் மினிமலிஸ்ட்" என்று சொன்னால், பாவம், இன்னும் வாங்க முடியவில்லை போலிருக்கிறது என்றுதான் விருந்தாளி நினைப்பார். அதே சோபா இல்லாத கூடத்தைச் சிராங்கூன் கார்டன்ஸில் ஒரு தரைவீட்டுக்குள் காட்டுங்கள். "என்ன ரசனை!" என்பார்.

ஆகவே தரைவீடு கட்டாயம். அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 78.7 குடும்பங்கள் வீவக வீடுகளில் இருந்தன. தரைவீடுகளில் இருந்தவை 5 விழுக்காடு. வெளிநாட்டவர் மட்டுமல்ல, நிரந்தரவாசிகளும் தரைவீடு வாங்கத் தனி அனுமதி பெற வேண்டும். போன வருடம்தான் கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்திறங்கியவர் என்றால் இந்தக் கையேட்டை இப்போதைக்கு மடித்து வைத்துவிடலாம்.

சிராங்கூன் கார்டன்ஸைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1950-களில் எழுந்த பேட்டை. கென்சிங்டன், சார்ட்வெல் என்று தெருக்களுக்கெல்லாம் இங்கிலாந்துப் பெயர்கள். முகவரியைச் சொல்லும்போதே பாதி மினிமலிசம் வந்துவிடும். தேக்காவில் தொடங்கும் சிராங்கூன் சாலையிலேயே வடக்கே போய்க்கொண்டிருந்தால், அது மேல் சிராங்கூன் என்று பெயர் மாறி, இந்தப் பக்கம் கொண்டுவந்து விடும். எதையும் வாங்கிச் சேர்ப்பதில்லை என்று சபதம் எடுத்த குடும்பத்துக்கு, எல்லாம் கிடைக்கும் தேக்கா இவ்வளவு கிட்டத்தில் இருப்பது சோதனைதான். பக்கத்து வீட்டில் பிரியாணி மணக்காத ஊரில் விரதம் இருப்பதில் என்ன பெருமை?

இடைவரிசை வீடு என்றால் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் கணக்கில் மனை குறைந்தது 150 சதுர மீட்டர், அகலம் 6 மீட்டர் இருக்க வேண்டும். சென்னைக் கணக்கில் மூன்றில் இரண்டு கிரவுண்டு. இருபதடி அகலம், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். இரட்டை வீடு என்றால் 200 சதுர மீட்டர், தனி பங்களா என்றால் 400. 1,400 சதுர மீட்டருக்கு மேலே "குட் கிளாஸ் பங்களா" என்று ஒரு சாதி இருக்கிறது. அந்த வகையினருக்குக் கையேடு தேவைப்படாது, அவர்களுக்கு ஆள் இருக்கும்.

மனை கையில் வந்ததும் கட்டடக் கலைஞரைப் பிடியுங்கள். நீங்களே நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுக் கொடுத்து வேலையை ஆரம்பிக்க இது ஊர்ப்பக்கம் இல்லை. பதிவுபெற்ற வல்லுநர் ஒருவர்தான் வரைபடங்களை ஆணையங்களுக்கு அனுப்ப முடியும். அவர் கறுப்புச் சட்டை போட்டிருப்பார், வட்டக் கண்ணாடி அணிந்திருப்பார். முதல் சந்திப்பில் அதிகம் பேச மாட்டார். அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம்.

அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது: "எங்களுக்கு எளிமை வேண்டும்." அவர் தலையாட்டுவார். அடுத்து நீங்கள் கேட்க வேண்டியது: "எவ்வளவு உயரம் வரை கட்டலாம்?" 2015 மே மாதம் முதல் தரைவீடுகளுக்கு உறை போன்ற ஒரு கன அளவை விதித்திருக்கிறார்கள். மூன்று மாடிப் பேட்டை என்றால் 15.5 மீட்டர், இரண்டு மாடிப் பேட்டை என்றால் 12 மீட்டர். அந்த உறைக்குள் மாடி, பரண், இடைத்தளம் என்று எப்படி வேண்டுமானாலும் அடுக்கிக்கொள்ளலாம். எளிமையை நாடும் குடும்பங்கள் அதில் ஓர் அங்குலத்தையும் விட்டுக்கொடுத்ததாக நான் பார்த்ததில்லை. உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது. அந்த ஒன்றுமின்மை மட்டும் விதி அனுமதிக்கும் கடைசி சென்டிமீட்டர் வரை எழும்பி நிற்க வேண்டும். கேட்டால் "எதிர்காலத்தில் விற்கும்போது உதவும்" என்பார்கள்.

நிறம் பற்றிப் பேச்சு வரும். வெள்ளை, சாம்பல், மர நிறம். அதற்கு மேல் பேச்சு வளரக் கூடாது. வளராமலிருக்க, திட்டம் முடிவாகும் வரை குடும்பத்தில் யாரையும் கெர்பாவ் ரோடு பக்கம் விடாதீர்கள். அங்கே டான் டெங் நியா வீடு நிற்கிறது. மிட்டாய்த் தொழில் செய்த சீனத் தவுக்கை ஒருவர் 1900-இல் கட்டியது. லிட்டில் இந்தியாவில் எஞ்சியிருக்கும் கடைசிச் சீன வில்லா. இன்றைக்கு அதன் ஒவ்வொரு சன்னல் பலகைக்கும் ஒரு நிறம், ஒவ்வொரு தூணுக்கும் ஒரு நிறம். சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள். சாம்பல் நிறச் சுவருக்கு முன்னால் அப்படி வரிசை நின்று நான் பார்த்ததில்லை. இந்தத் தகவல் உங்கள் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டால் வரவேற்பறை மாம்பழ மஞ்சளுக்குப் போய்விடும்.

இனி சுவர். மினிமலிசப் பெட்டி வீட்டுக்கு இறவாரம் கிடையாது. கூரை சுவரோடு வெட்டி நிறுத்தியதுபோல் முடிய வேண்டும். படத்தில் அற்புதமாக இருக்கும். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,113 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. வருடத்தில் 171 நாள் மழை நாள். அவ்வளவு தண்ணீரும் உங்கள் வெள்ளைச் சுவரில் நேராக இறங்கும். இரண்டாவது வருடம் சன்னல் மூலைகளிலிருந்து கண்மை கரைந்த மாதிரி கறுப்புக் கோடுகள் தெரியும். அதற்குப் பெயர் பாசி. கட்டடக் கலைஞர் அதைக் "காலத்தின் தடம்" என்று சொல்வார். அவர் வீட்டுச் சுவரில் தடம் இருக்கிறதா என்று கேட்டுவிடாதீர்கள்.

இந்த ஊரில் முன்னால் வீடு கட்டியவர்கள் எல்லோரும் மழையைப் பார்த்துப் பயந்தவர்கள். 1822-இல் ராஃபிள்ஸ் நகரத் திட்டம் போட்டபோதே, கடைவீடுகளின் முன்னால் மூடிய நடை வேண்டும் என்று எழுதிவைத்தார். டன்லப் ஸ்திரீட்டில் இன்றும் மழைக்கு ஒதுங்கி நீங்கள் நடக்கும் அஞ்சடி அங்கிருந்து வந்ததுதான். வெள்ளைக்காரத் துரைகளின் கறுப்பு வெள்ளை பங்களாக்களைப் பாருங்கள்: நீளமான இறவாரம், ஆழமான வராந்தா, மூங்கில் தட்டி. நம் பக்கத்துக்குத் திண்ணையும் முற்றமும் இருந்தன. கொழும்பில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1958-இல் தொடங்கிப் பத்தாண்டுகளில் ஒரே சந்தில் நாலு சின்ன வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தன் வீடாக்கினார். உள்ளே போனால் திரும்பிய இடமெல்லாம் வானம் தெரியும் சின்னச் சின்ன முற்றங்கள். மழை வீட்டுக்குள்ளேயே பெய்யும். ஆனால் பெய்ய வேண்டிய இடத்தில் பெய்யும். வெள்ளைச் சுவர்தான். இருந்தாலும் பழைய தூண், சிலை, கதவு என்று ஆசையாகச் சேர்த்ததையெல்லாம் வைத்திருந்தார். நம் கையேட்டுக்கு அவர் ஒத்துவர மாட்டார்.

ஒத்துவருபவர் இன்னொரு கட்டடக் கலைஞர், டடாவோ ஆண்டோ. 1976-இல் ஒசாகாவின் சுமியோஷியில் ஒரு வரிசை வீடு கட்டினார். மனை உங்கள் மனையில் பாதிகூட இல்லை. தெருவைப் பார்த்து ஒரு சன்னலும் இல்லாத கான்கிரீட் சுவர். வீட்டை மூன்றாகப் பிரித்து, நடுப்பகுதியைக் கூரையே இல்லாத முற்றமாக விட்டுவிட்டார். படுக்கையறையிலிருந்து கழிவறைக்குப் போக அந்த முற்றத்தைத் தாண்ட வேண்டும். மழை என்றால் குடை. உலகமே பாராட்டியது, பரிசும் கொடுத்தது. ஒசாகாவைவிட இங்கே ஒன்றரை மடங்கு மழை. அதனால் வீட்டில் எழுபது வயது தாண்டியவர் இருந்தால், எளிமைக்கும் மூட்டுவலிக்கும் நடுவில் எது வேண்டும் என்று அவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

முற்றத்தில் நீர்த்தடாகம் வைக்கக் கட்டடக் கலைஞர் ஆசைப்படுவார். கால் சாண் ஆழம், கறுப்புக் கல், மேலே வானத்தின் பிம்பம். ஏடிஸ் கொசு முட்டையிட 20 காசு நாணய அளவு தண்ணீர் போதும் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. உங்கள் தடாகம் எத்தனை நாணயம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். வாரிய அதிகாரி டார்ச் விளக்கோடு வந்து நிற்கும்போது "இது பிம்பம் பார்க்க வைத்தது" என்று விளக்கிப் பயனில்லை. அவரும் பிம்பம் பார்க்கத்தான் குனிகிறார், ஆனால் புழுவின் பிம்பம்.

கட்டுகிற வேலை தொடங்கியதும் ஒரு முறை போய்ப் பாருங்கள். அங்கே தமிழ் கேட்கும். மன்னார்குடி, பரமக்குடி, புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பிகள் சிலர் சாரத்தில் நிற்பார்கள்; கூடவே வங்காளதேசத்துக்காரர்கள். இவர்களைப் போன்றவர்கள் தங்கும் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளுக்கு 2021-இல் அறிவித்த மேம்பட்ட விதியின்படி, புதிதாகக் கட்டப்படும் விடுதியில் ஓர் அறைக்கு அதிகபட்சம் 12 பேர், ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர். ஒரு கட்டில், ஒரு பூட்டுப் பெட்டி, சுவரில் ஒரு ஆணி. உங்கள் மூத்த மகனின் நடை அலமாரிக்கு வரைபடத்தில் 6 சதுர மீட்டர் ஒதுக்கியிருக்கிறது. குறைவாக வாழ்வது பற்றி அவர்களிடம் ஆலோசனை கேட்கும் எண்ணம் வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

இப்போது கண்ணாடி. தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி இல்லாமல் இந்த ரக வீடு கிடையாது. அமெரிக்காவில் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோஹ 1951-இல் எடித் ஃபார்ன்ஸ்வொர்த் என்ற மருத்துவருக்கு நாலு பக்கமும் கண்ணாடியாலான வீடு கட்டிக் கொடுத்தார். கோடையில் வெக்கை, இரவில் விளக்கு போட்டால் பூச்சி, கடைசியில் இருவரும் வழக்கு மன்றத்தில். அது வருடத்தில் பாதி நாள் குளிரும் ஊர். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து 137 கிலோமீட்டரில் இருக்கிறோம். மேற்குப் பார்த்த கண்ணாடி என்றால் நாலு மணிக்குக் கூடத்தில் அப்பளம் காயவைக்கலாம். அதனால் திரை போடுவீர்கள். திரை போட்ட கண்ணாடி, சுவர்தான். சதுர அடிக்கு விலை கூடிய சுவர்.

கண்ணாடி என்றதும் கம்பி என்று அம்மா ஆரம்பிப்பார். சன்னலுக்குக் கம்பி வேண்டாம் என்பது இந்தக் கையேட்டின் முதல் கட்டளை. கம்பி கோடு போடும், கோடு எளிமையைக் கெடுக்கும். ஆனால் கேளுங்கள். வீட்டுப் பணிப்பெண் சன்னலின் வெளிப்பக்கத்தைத் துடைக்க வேண்டுமானால் சன்னலுக்குக் கம்பி இருக்க வேண்டும், துடைக்கும்போது அது பூட்டியிருக்க வேண்டும், வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று மனிதவள அமைச்சு 2012-இல் விதி கொண்டுவந்தது. தரைத்தளத்துக்கும் பொது நடைபாதையைப் பார்த்த சன்னலுக்கும் மட்டுமே விலக்கு. சன்னல் துடைக்கும்போது விழுந்து இறந்த பெண்களுக்குப் பிறகு வந்த விதி இது, விளையாட்டுக்கு வந்ததில்லை. அதனால் மாடிக் கண்ணாடியில் கம்பி இல்லையென்றால் அதை யார் துடைப்பது? உங்களுக்கு முன்னால் இரண்டே வழி: கம்பி போடலாம், அல்லது கண்ணாடியை மழையிடம் ஒப்படைக்கலாம். மழை என்ன செய்யும் என்று மேலே பாசிப் பத்தியில் பார்த்தோம்.

இங்கே ஒரு சின்ன உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கையேடுகள் பொதுவாக இதைச் சொல்வதில்லை. வெள்ளை வீடு தானாக வெள்ளையாக இருப்பதில்லை. கைப்பிடியில்லாத அலமாரியில் விழும் ஒவ்வொரு விரல் தடத்தையும் ஒருவர் துடைத்துக்கொண்டே இருக்கிறார். மேசைமேல் எதுவும் இல்லையென்றால், அங்கே இருந்ததை ஒருவர் எடுத்து உள்ளே வைத்திருக்கிறார். 2023 ஜனவரி முதல், பணிப்பெண்ணுக்கு மாதம் ஒரு ஓய்வு நாளாவது கட்டாயம். அதற்குப் பதில் காசு கொடுத்துச் சமாளிக்க முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு உங்கள் கூடத்தைப் பாருங்கள். சாவிக்கொத்து, பாதி உரித்த ஆரஞ்சு, சார்ஜர், பள்ளிக்கூடத் தண்ணீர்ப் புட்டி, காய்ந்த துணி மலை, தமிழ் முரசின் நடுப்பக்கம். வீட்டில் மினிமலிஸ்ட் யார் என்பது அன்றைக்குத் தெரியும். அவர் லக்கி பிளாசாவில் தோழிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

கதவுகளுக்கு வருவோம். இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள், விருந்தாளிகளின் மானம் இதில்தான் இருக்கிறது.

நாகரிக வீட்டில் கதவு கதவாகத் தெரியக் கூடாது. கூடத்துச் சுவர் முழுக்க ஒரே மரப் பலகை. கோட்டோடு கோடு சேர்ந்திருக்கும். எந்தப் பலகையை அழுத்தினால் எது திறக்கும் என்பது குடும்ப ரகசியம். தீபாவளிக்கு வந்த பெரியப்பா பாத்ரூம் போக எழுந்திருக்கிறார். "நேரே போய் வலதுபக்கம்" என்கிறீர்கள். வலதுபக்கம் சுவர்தான் இருக்கிறது. கையால் தடவுகிறார். முதல் பலகையை அழுத்தினால் செருப்பு அலமாரி. இரண்டாவதில் தூசி உறிஞ்சும் கருவி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது பலகையை அழுத்த, கனமான இரும்புக் கதவு எதிரே நிற்கிறது. வங்கியின் பெட்டக அறையைத் திறந்துவிட்டோமோ என்று பெரியப்பா கையை எடுத்துக்கொள்கிறார். சமையலறையிலிருந்து பணிப்பெண் வந்து, "அங்கிள், திஸ் சைட்" என்று நாலாவது பலகையை முழங்கையால் தட்டித் திறந்து விடுகிறாள்.

அந்த இரும்புக் கதவுதான் வீட்டின் இதயம். பாம் ஷெல்டர் என்று எல்லோரும் சொல்லும் காப்பறை. 1997-ஆம் ஆண்டின் குடிமைத் தற்காப்புக் காப்பறைச் சட்டம் அடுத்த வருடம் மே மாதம் நடப்புக்கு வந்ததிலிருந்து, புதிதாகக் கட்டும் வீட்டில் இது இருந்தே ஆக வேண்டும். தடித்த கான்கிரீட் சுவர், எஃகுக் கதவு, காற்றுப் போக்கிகள். கதவைக் கழற்றக் கூடாது, சுவரை உடைக்கக் கூடாது. குண்டு விழுந்தால் குடும்பம் உள்ளே போய் உட்கார வேண்டும். இதுவரை குண்டு விழவில்லை. அதனால் குடும்பத்தின் சாமான்கள் உள்ளே போய் உட்கார்ந்திருக்கின்றன. பத்து கிலோ பொன்னி அரிசி, நாலு பயணப் பெட்டி, அதில் ஒன்றுக்குள் இன்னொன்று, முறுக்கு உழக்கு, பித்தளை அண்டா, கைவிளக்கு, கொலுப் பொம்மைகள் அடைத்த அட்டைப்பெட்டி, மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்தின் மீந்த அழைப்பிதழ்கள், யாருமே வாசிக்காத கீபோர்டு, திருமணப் பரிசாக வந்து இன்னும் பிரிக்காத இரண்டு இரவு விளக்குகள். உண்மையிலேயே அபாயச் சங்கு ஒலித்தால் குடும்பம் வெளியே நிற்க, கொலுப் பொம்மைகள் உயிர் பிழைக்கும்.

எனவே சிங்கப்பூர் மினிமலிசத்தின் சூத்திரம் இது: கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு சதுர அடி வெறுமைக்கும், தெரியாத ஒன்றரைச் சதுர அடி அலமாரி வேண்டும். இந்தக் கணக்கு என் சொந்தக் கணக்கு. ஆணையம் எதுவும் ஏற்றுக்கொண்டதில்லை. ஷெல்டர் நிரம்பியதும் மாத வாடகைக்கு அறை விடும் சேமிப்புக் கிடங்குகள் தீவு முழுக்க இருக்கின்றன. அதுவும் நிரம்பினால் அங் மோ கியோவில் அத்தை வீடு இருக்கிறது. அத்தையின் நாலறை வீவக வீட்டில் கட்டிலுக்கடியில் உங்கள் பழைய டின்னர் செட் இருக்கும், சமையலறைப் பரணில் உங்கள் மிக்ஸி இருக்கும். உங்கள் வீட்டுக்கு வந்து "எவ்வளவு கிளீனா இருக்கு!" என்று அவர் சொல்லும்போது அந்தக் குரலில் கொஞ்சம் வெயில் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொருளைத் தூக்கியே போட்டுவிடலாமே என்று இளசுகள் கேட்கும். பழைய சாமான் வாங்கும் கராங் குனிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறார்தான். சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்ட பிறகு, கொடுத்த பொருளை மறுவாரமே போய்த் திரும்ப வாங்கிவரும் வசதி போய்விட்டது. அதனால் அம்மா கொடுக்க மாட்டார்.

அலமாரியை மூடி வைப்பதில் இன்னொரு சங்கடம், காற்று. இங்கே காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். இடுக்கு இல்லாத, கைப்பிடி இல்லாத, காற்றுப் புகாத அலமாரிக்குள் காஞ்சிபுரம் பட்டை வைத்தால் ஆறு மாதத்தில் ஜரிகைமேல் வெள்ளைப் பூ பூக்கும். தோல் செருப்பு பச்சையாகும். அங்காடியில் ஈரம் உறிஞ்சும் டப்பா விற்கிறார்கள். டஜன் கணக்கில் வாங்கி ஒவ்வொரு மூலையிலும் வையுங்கள். அதில் சேரும் தண்ணீரைக் கொட்டுவது யார் வேலை என்று கேட்காதீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு தவிர.

சமையலறை இரண்டு வேண்டும்: ஒன்று ஈரம், ஒன்று காய்ந்தது. இந்த ஊரின் மகத்தான கண்டுபிடிப்பு இதுதான் என்பேன். காய்ந்த சமையலறை கூடத்தோடு சேர்ந்திருக்கும். நடுவில் தீவு மேசை, வெள்ளைக் குவார்ட்ஸ், காப்பி இயந்திரம், எலுமிச்சம்பழம் நிறைந்த ஒரு கிண்ணம். அந்த எலுமிச்சையைப் பிழிந்து சாதம் கிளறக் கூடாது, அது அலங்காரம். ஈரச் சமையலறை பின்னால், கண்ணாடிக் கதவுக்கு அப்பால். அங்கேதான் சாம்பார் கொதிக்கும், சம்பால் தாளிக்கும், கருவாடு பொரியும், குடும்பம் வாழும். இரண்டு சமையலறைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத சம்பந்திகள்.

யாராவது ஒருவர், பெரும்பாலும் மாப்பிள்ளை, காய்ந்த சமையலறையில் மீன் குழம்புக் கிண்ணத்தை வைத்துவிடுவார். குவார்ட்ஸ் மேடை கல்லும் பிசினும் கலந்தது. மஞ்சள் அந்தப் பிசினைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாயிரம் வருடமாக நம் துணியிலும் கையிலும் ஒட்டிய அதே மஞ்சள். துணிக் கறையை வெயிலில் போட்டால் மங்கும் என்று பாட்டிக்குத் தெரியும். மஞ்சளின் நிறப்பொருளை ஒளி சிதைக்கிறது, பாட்டி சரிதான். ஆனால் மூன்று மீட்டர் குவார்ட்ஸ் பலகையைக் கொல்லையில் கொண்டுபோய் உலர்த்த முடியாது. கறைமேல் எலுமிச்சைக் கிண்ணத்தை நகர்த்தி வையுங்கள். புதிதாகக் கறை விழ விழ கிண்ணங்கள் கூடும். ஐந்து கிண்ணம் ஆனதும் "கலைநோக்கில் அமைத்தது" என்று சொல்லிவிடலாம்.

சாமி அறையில்தான் பெரும்பாலான வடிவமைப்பாளர்கள் தடுமாறுகிறார்கள். "ஒரே ஒரு சிலை, பின்னால் மறைமுக விளக்கு" என்று ஐடி சொல்வார். ஐடி என்றால் உள்ளக வடிவமைப்பாளர். இந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். அம்மா அவரை ஏற இறங்கப் பார்ப்பார்.

"எந்தச் சாமியைத் தம்பி வேணாங்கிறீங்க?"

கேள்வி நியாயமானது. பிள்ளையார் இல்லாமல் தொடங்க முடியாது. முருகன் இல்லாமல் தைப்பூசம் இல்லை. மகாலட்சுமியை வெளியே நிறுத்துகிற துணிச்சல் வீட்டுக்கடன் வாங்கியவருக்கு வராது. குலதெய்வம் கோபக்காரர். மாரியம்மன், பெருமாள், சாய்பாபா, வீரமாகாளியம்மன் கோயில் நாள்காட்டி, சந்தன மாலையோடு அப்பாவின் படம். "சுழற்சி முறையில் மாதம் ஒருவரைக் காட்சிக்கு வைக்கலாமே" என்று ஐடி ஒரு யோசனை சொல்வார். அந்த நிமிடம் அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வேறு ஐடி பாருங்கள். தீர்வு எளிது: மடிப்புக் கதவு போட்ட அலமாரி. காலையில் திறந்தால் கோயில், மூடினால் சுவர். உள்ளே மேல் பலகைக்கு மட்டும் லேமினேட் வேண்டாம், கல் போடச் சொல்லுங்கள். நல்லெண்ணெய் விளக்குக்கு மினிமலிசம் தெரியாது, கரி பிடிக்கும்.

ஆணி அடிக்கிற பிரச்சினை தனி. கோடில்லாத, சட்டமில்லாத வாசல் கதவில் மாவிலைத் தோரணம் கட்ட ஓர் ஆணி கிடைக்காது. ஒட்டும் கொக்கி ஒட்டலாம். இந்த ஈரக்காற்றில் மூன்றாம் நாள் தோரணத்தோடு கீழே வந்து, வந்தவர் தலையில் ஆசீர்வாதமாக விழும். கட்டும்போதே கதவுக்கு மேலே, கான்கிரீட்டுக்குள், இரண்டு எஃகு வளையம் பதிக்கச் சொல்லுங்கள். கட்டடக் கலைஞர் எதற்கென்று கேட்டால் "கேமராவுக்கு" என்று சொல்லுங்கள். கோலம் போட வாசலில் கருங்கல் தளம் கேளுங்கள். "கறுப்புத்தான் இப்போது நடப்பு" என்றால் மகிழ்ந்து போவார்.

மரம் ஒன்று போதும் என்பார்கள், "சிற்பம் போன்ற ஒரு மரம்". கறிவேப்பிலை வையுங்கள். யாராவது கேட்டால் முர்ராயா என்று தாவரவியல் பெயரைச் சொல்லுங்கள். பழம்பொருள் ஒன்றே ஒன்று அனுமதி உண்டு: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிக் கப்பலேற்றிய ஓர் உருளி, தண்ணீரில் பூ. தண்ணீர் என்றதும் அதே 20 காசு அதிகாரி, தினமும் மாற்றுங்கள்.

கிரகப்பிரவேசம். விடிகாலை. தேக்காவிலிருந்து வாழைக்கன்று வந்தாயிற்று, கேம்பல் லேனிலிருந்து பூ வந்தாயிற்று. பால் பொங்க வேண்டும். அடுப்போ இண்டக்ஷன். குடும்பமே சுற்றி நிற்கிறது; பால் மெல்ல எழும்பிப் பாத்திரத்தின் விளிம்பைத் தொடுகிறது; ஒரு சொட்டு வழிந்து கண்ணாடித் தளத்தில் விழுகிறது. "பீப்" என்று ஒரு சத்தம், அடுப்பு தானாக அணைந்துகொள்கிறது. வழிந்தால் அணைய வேண்டும் என்பதுதான் அதற்குக் கற்றுக்கொடுத்திருப்பது. பால் திரும்பக் கீழே இறங்குகிறது. எல்லோரும் ஐயரைப் பார்க்கிறார்கள். மறுபடி போட்டால் மறுபடி பீப். முன்யோசனை உள்ள வீட்டில் பாம் ஷெல்டருக்குள் ஒரு கையடக்க வாயு அடுப்பு இருக்கும்.

ஹோமத்தைக் கூடத்தில் வைத்தால் இன்னொரு சத்தத்துக்கும் தயாராக இருங்கள். 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் புகையை உணரும் எச்சரிக்கைக் கருவி கட்டாயம். சமித்தில் நெய் விழுந்த ஐந்தாவது நிமிடம் அது அலறும். மந்திரத்தை நிறுத்தக் கூடாது, அலறலையும் நிறுத்த முடியாது. இரண்டும் போட்டி போடும். உயரமான மருமகன் ஒருவர் விசிறியோடு அதன் கீழே நிற்கட்டும். குண்டத்தை முற்றத்துக்கு மாற்றுவது அதைவிட நல்லது. கூரையில்லாத முற்றத்தை ஆண்டோவிடமிருந்து கடன் வாங்கியிருந்தால் இப்போது பலன் கிடைக்கும், மழை பெய்யாத வரை.

கடைசியாகப் புகைப்படம். பத்திரிகையில் போடுகிற மாதிரி படம் வேண்டுமென்றால் நாளைச் சரியாகக் குறிக்க வேண்டும். தற்காலிகக் குடிபுகல் அனுமதி கிடைத்த பிறகு, சாமான் லாரி வருவதற்கு முன்னால். அந்த இடைவெளியில்தான் வீடு வரைபடத்தில் இருந்தபடி இருக்கும். புகைப்படக்காரரை எட்டு மணிக்கு வரச் சொல்லுங்கள், வெளிச்சம் அப்போதுதான் சாய்வாக விழும். லாரியைப் பதினொரு மணிக்கு வரச் சொல்லுங்கள். அம்மாவிடம் மட்டும் லாரி மத்தியானம் இரண்டு மணிக்கு என்று சொல்லுங்கள். அவர் எப்படியும் ஒன்பது மணிக்கே டாக்சி பிடித்து வந்துவிடுவார், மடியில் கிரைண்டர் கல்லோடு. தீவு மேசைமேல்தான் முதலில் வைப்பார். அதற்குள் அந்தப் பக்கத்துப் படத்தை எடுத்து முடித்திருக்க வேண்டும்.